தமிழில் இரசாயனவியலைத் தந்த மருத்துவர் கிறீன்

அறிமுகம்

உயர்தர வகுப்பில் அற்கைன்களைக் கற்கும் மாணவர் மும்மைப் பிணைப்பு, கூட்டற்றாக்கம், ஊக்கி, வீழ்படிவு முதலிய சொற்களைத் தயக்கமின்றிக் கையாளுகின்றனர். நெடுந்தீவிலிருந்தோ நயினாதீவிலிருந்தோ ஊர்காவற்றுறையிலிருந்தோ பரீட்சைக்குத் தோற்றும் மாணவன், எதைனின் தாக்கங்களைத் தன் தாய்மொழியிலேயே எழுதி உயர்ந்த புள்ளியைப் பெறலாம். இன்று இது இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழில் இரசாயனவியல் கற்பிக்க முடியுமா என்பதே கேள்வியாக இருந்தது. முடியும் என்பதை நூல்களால் நிறுவியவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார்.

இளமையும் இலங்கை வருகையும்

கிறீன் 1822 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 10 ஆம் திகதி அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் நகரிற் பிறந்தார். நியூயோர்க் நகரின் மத்திய பூங்கா உருவாவதில் முக்கிய பங்கு வகித்த அன்ட்ரூ கிறீன் இவருடைய தமையனாவார். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845 இல் பட்டம் பெற்ற கிறீன், அமெரிக்க மிசனின் மருத்துவராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார்.

முதலில் அவர் தங்கிய வட்டுக்கோட்டை, காரைநகருக்கு அண்மையில் அமைந்த ஊராகும். 1848 இல் அவர் மானிப்பாய்க்கு மாறினார். அங்கு நோயாளரைப் பராமரித்ததோடு உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய பெயரைத் தாங்கிய கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை மானிப்பாயில் உள்ளது.

தமிழை அவர் தேர்ந்தது ஏன்?

ஆரம்பத்தில் கிறீன் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலமே அரசாங்க உத்தியோகத்துக்கு வழி என்பது அன்றைய நிலை. ஆங்கிலத்திற் பயின்ற மருத்துவர்கள் சம்பளமும் மதிப்பும் கிடைக்கும் பதவிகளை நாடிச் சென்றனர். கிராமத்து நோயாளிக்கு அக்கல்வியின் பயன் போதியளவு கிட்டவில்லை. தமிழிற் பயின்றவர்கள் தம் ஊரிலேயே தங்கித் தம் மக்களுக்குத் தொண்டாற்றுவர் எனக் கிறீன் கருதினார்.

1857 இல் இலங்கையை விட்டுப் புறப்பட்ட அவர், 1862 இல் திருமணம் செய்து மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1864 இல் தமிழ்மொழி மூல மருத்துவக் கல்வியை ஆரம்பித்தார். யாழ்ப்பாணத்தில் அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோராவர்.

மொழிபெயர்ப்புப் பணி

கற்பிப்பதற்கு நூல்கள் வேண்டும். எனவே தம் மாணவர்களின் துணையோடு கிறீன் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டார். பிரசவ வைத்தியம் (1857), இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), வைத்தியாகரம் (1872) என்பன அவற்றுட் சில. இவ்வாறு வெளிவந்த நூல்களின் பக்கங்கள் மொத்தமாக 4000 ஐத் தாண்டும்.

இரசாயனவியல் நூல் 1875 இல் கெமிஸ்தம் என்னும் பெயரில் வெளிவந்தது. இது அமெரிக்கரான வெல்ஸ் எழுதிய நூலைத் தழுவியது. வெல்ஸின் நூலை அடிப்படையாகக் கொண்ட சீனமொழி இரசாயன நூலொன்று 1871 இல் வெளிவந்திருந்தது. ஆகவே தமிழும் சீனமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே முயற்சியில் இறங்கின எனலாம்.

கலைச்சொல்லாக்கத்தில் கிறீன் ஓர் ஒழுங்கைப் பின்பற்றினார்.

1. பொருத்தமான தமிழ்ச்சொல் வழக்கில் இருந்தால் அதனைக் கொள்ளல்.
2. இல்லாவிடின் வடமொழிச் சொல்லைக் கொள்ளல்.
3. அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி எழுதல்.

கெமிஸ்தம் என்ற பெயரே மூன்றாவது முறைக்குத் தக்க உதாரணமாகும். நாம் இன்று அற்கைன், எதைன், புரோமின் என எழுதுவதும் இம்முறையிலேயாகும்.

கிறீன் காலமும் அற்கைன்களும்

கிறீன் தமிழ்நூல்களை ஆக்கிக்கொண்டிருந்த காலத்திலேயே அற்கைன்களின் இரசாயனம் ஐரோப்பாவில் வளர்ந்துவந்தது. அசற்றலீன் எனப்படும் எதைனை 1836 இல் எட்மண்ட் டேவி கண்டறிந்தார். 1862 இல் பேர்த்தலோ மின்வில்லின் உதவியால் காபனையும் ஐதரசனையும் நேரடியாகச் சேர்த்து அதனைத் தயாரித்தார். அதே ஆண்டில் வோலர் கல்சியங்காபைட்டுடன் நீரைத் தாக்கமுறச் செய்து அதனைப் பெற்றார். கிறீன் யாழ்ப்பாணம் திரும்பியதும் அவ்வாண்டிலேயே.

இரசு அயன்களின் முன்னிலையில் அற்கைனுடன் நீர் சேரும் தாக்கத்தைக் குச்செரோவ் 1881 இல் வெளியிட்டார். இது கெமிஸ்தம் வெளிவந்து ஆறு ஆண்டுகளின் பின்னராகும். எனவே நாம் படிக்கும் இத்தாக்கம் அந்நூலில் இடம்பெற்றிருக்க முடியாது. விஞ்ஞானம் வளருந்தோறும் மொழியும் உடன் வளர வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

இத்தாக்கத்தில் எதைன் முதலில் நிலையற்ற ஈனோலைத் தருகிறது. அது உடனே மீளொழுங்கமைந்து எதனல் ஆகிறது. புரொப்பைனாயின் புரொப்பனோன் கிடைக்கிறது. பொருளை விளங்கிக்கொண்ட மாணவன், நீரின் ஐதரொட்சில் கூட்டம் எந்தக் காபனிற் சேரும் என்பதைத் தானே தீர்மானிப்பான். சமன்பாட்டை மாத்திரம் மனனஞ் செய்தவன், வினா சற்று மாறியவுடன் தடுமாறுவான். கிறீன் தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தியதன் பயன் இங்கேதான் உள்ளது.

இறுதிக்காலம்

உடல்நலம் குன்றியதால் கிறீன் 1873 இல் தாயகம் திரும்பினார். எனினும் பணியைக் கைவிடவில்லை. கெமிஸ்தம் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்ற பின்னரே வெளிவந்தது. மனுஷ சுகரணம் 1883 இல் வெளிவந்தது. 1884 ஆம் ஆண்டு மே மாதம் 28 ஆம் திகதி அவர் காலமானார். தமிழருக்குப் பணிபுரிந்த மருத்துவர் என்றே தம் கல்லறையிற் குறிக்கப்பட வேண்டும் என்பது அவருடைய விருப்பமாக இருந்தது.

அவர் ஆரம்பித்த தமிழ் மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. 1870 இல் கொழும்பில் ஆங்கிலமொழி மூல மருத்துவப் பள்ளி தோன்றியது. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் இன்றும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகிறது. ஆதலால் மாணவர் ஆங்கிலத்தையும் நன்கு கற்றல் அவசியம். எனினும் பாடசாலையில் இரசாயனவியலைத் தமிழில் விளங்கிக் கற்கும் வாய்ப்புக்குப் பாதை அமைத்தோருள் கிறீன் முதன்மையானவர்.

மீட்டற் பயிற்சி

1. கிறீன் தமிழ்மொழி மூலம் மருத்துவங் கற்பிக்க விரும்பியதற்கான காரணத்தை விளக்குக.
2. கலைச்சொல்லாக்கத்தில் அவர் பின்பற்றிய மூன்று முறைகளையும் தருக. ஒவ்வொன்றுக்கும் உமது இரசாயனவியல் நூலிலிருந்து ஓர் உதாரணம் எழுதுக.
3. பியூற்-1-ஐன், பியூற்-2-ஐன் ஆகிய இரண்டும் புரோமின் நீரின் நிறத்தை நீக்கும். அமோனியாசேர் வெள்ளி நைத்திரேற்றினால் இவற்றை எவ்வாறு வேறுபடுத்தி அறிவீர்?

(குறிப்பு: பியூற்-1-ஐன் மாத்திரம் வெண்ணிற வீழ்படிவைத் தரும். அதன் முனைக் காபனில் அமில இயல்புடைய ஐதரசன் உண்டு. பியூற்-2-ஐனில் அத்தகைய ஐதரசன் இல்லை.)