பரங்கிமலைத் தொகுதியும் எம்.ஜி.ஆரும்



நம்ம பூந்தமல்லியிலிருந்து போரூர், ராமாபுரம் வழியாகப் போகும் ரோட்டுக்கு மவுண்ட் - பூந்தமல்லி ரோடு என்று பெயர். அந்த மவுண்ட்தான் பரங்கிமலை. ஒரு காலத்தில் அந்தப் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதியே இருந்தது. இப்போ இல்லை. அந்தத் தொகுதியின் கதையைச் சொல்லணும்னா எம்.ஜி.ஆரின் கதையைத்தான் சொல்லணும்.

எம்.ஜி.ஆர். 1917 ஜனவரி 17 அன்று இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டியில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். குடும்பம் கும்பகோணத்துக்கு வந்தது. வறுமையால் படிப்பை விட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். 1936-ல் 'சதிலீலாவதி' படத்தில் சின்ன வேஷம் கிடைத்தது. கதாநாயகனாக ஆவதற்கு அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்.

1957 தேர்தலில் சில தொகுதிகளுக்கு இரண்டு எம்.எல்.ஏ.க்கள் இருந்தார்கள். 1961-ல் வந்த சட்டம் அந்த முறையை நீக்கியது. அதனால் 1967 தேர்தலில் பரங்கிமலைக்கு ஒரே எம்.எல்.ஏ.தான். தி.மு.க. சார்பில் எம்.ஜி.ஆர். அங்கே நின்றார்.

தேர்தலுக்கு ஒரு மாசம்தான் இருந்தது. ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்து வீட்டில் நடிகர் எம்.ஆர்.ராதா அவரைத் துப்பாக்கியால் சுட்டார். குண்டு கழுத்தில் தங்கியது. எம்.ஜி.ஆரால் தொகுதிக்குள் போய் ஓட்டுக் கேட்க முடியவில்லை. கழுத்தில் கட்டுடன் அவர் கைகூப்பும் படம்தான் போஸ்டராக ஊர் ஊராகப் போனது. சுமார் 27 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்!

பரிதாபத்தில் போட்ட ஓட்டுதானே என்று நீங்க கேட்கலாம். நானும் அதைத்தான் யோசித்தேன். ஆனால் 1971-ல் அவர் படுக்கையில் இல்லை. குண்டடியால் மாறிப்போன குரலோடு வந்து நின்றார். எதிரில் நின்றவரும் பழைய ஆள்தான், டி.எல்.ரகுபதி. அப்பவும் சுமார் 24 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார். பரிதாபம் ஒரு தடவை ஓட்டு வாங்கித் தரலாம். நாலு வருஷம் பார்த்த பிறகும் ஜனங்க அவரையே தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அது வெறும் பரிதாபம் இல்லை என்பது என் கருத்து.

1972-ல் அவர் தனிக்கட்சி தொடங்கினார். 1977 தேர்தலில் பரங்கிமலை என்ற தொகுதியே பட்டியலில் இல்லை. ஆலந்தூர் என்ற பெயர் வந்தது. எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் ஜெயித்து முதலமைச்சரானார். அப்புறம் மதுரை மேற்கு, ஆண்டிபட்டி. ஆண்டிபட்டியில் 1984-ல் ஜெயித்தபோதும் அவர் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார், அமெரிக்காவில்!

1987 டிசம்பர் 24 அன்று ராமாவரம் தோட்டத்தில் மறைந்தார். அந்தத் தோட்டத்தில் காது கேளாத, வாய் பேச முடியாத பிள்ளைகளுக்கான பள்ளி நடக்க அவர் உயில் எழுதி வைத்திருந்தார். குரலை இழந்து தவித்தவருக்குத்தானே அந்தப் பிள்ளைகளின் கஷ்டம் புரியும்!

தொகுதியின் பெயர் மாறும், எல்லையும் மாறும். ஓட்டுப் போடுகிறவர்கள் அதே ஜனங்கதான். 1967-ல் ஓட்டுப் போட 21 வயசு ஆகணும். நமக்கு 18 போதும். அந்த நாள் வரும்போது, போஸ்டரை மட்டும் பார்க்காமல் அந்த ஆள் நாலு வருஷம் என்ன செய்தார் என்றும் பார்த்து ஓட்டுப் போடுவோம் நண்பர்களே!