தூப்ளேயின் அதிகார எல்லை

முதலாளி ஒருவர் அயலூரில் தமக்காகக் காரியம் பார்க்க ஒரு காரியஸ்தரை நியமிக்கிறார். காரியஸ்தர் சரக்கு வாங்குகிறார், கடன் கொடுக்கிறார், முதலாளியின் பெயரால் கையொப்பமிடுகிறார். இலாபம் வருகிற வரையில் முதலாளி வாய் திறப்பதில்லை. நஷ்டம் வந்த அன்றுதான், இதைச் செய்ய உமக்கு அதிகாரம் ஏது என்று கேட்கிறார். நாம் கோர்ட்டுகளில் தொழில் நடத்திய காலத்தில் இக்கேள்வியினால் மூழ்கிப்போன கடைகளும் குடும்பங்களும் பல கண்டிருக்கிறோம். கேள்வி சிறிது, விளைவோ பெரிது. அதைப் பிறர்மீது ஏவி வென்று, பின்னர் அதே கேள்வியினால் தாமும் வீழ்ந்த ஒருவரின் வாழ்க்கையை இன்று நேயர்கள்முன் வைக்கின்றோம். அவர்தாம் புதுச்சேரியில் பிரஞ்சுக் கவர்னராக விளங்கிய ஜோஸப் பிரான்ஸுவா தூப்ளே.

பள்ளிக்கூடச் சரித்திரங்கள் தூப்ளேயைக் கிளைவின் எதிரியாக மட்டும் காட்டும். இந்நாட்டில் அந்நிய ராஜ்யம் ஸ்தாபிக்க முயன்ற ஒருவரைப் புகழ்வது நமது நோக்கமன்று. ஆயின், நவாபுகளை ஏற்றியும் இறக்கியும் ராஜதந்திரியாகத் தோன்றுகிற அவர், முதலிலிருந்து முடிவு வரை ஒரு வியாபாரக் கம்பெனியின் சம்பளக்காரரே என்பதை மறக்கலாகாது. கம்பெனி முதலாளி, அவர் காரியஸ்தர். இந்தக் கண்கொண்டு நோக்கினால்தான் அவர் வாழ்க்கையின் உட்பொருள் விளங்கும்.

தூப்ளே 1697-ம் வருஷத்தில் பிரான்ஸின் வடபாகத்திலுள்ள லாந்த்ரெஸி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் செல்வர், கம்பெனி விஷயங்களில் செல்வாக்குள்ளவர். மகனை 1715-ல் கப்பலேற்றி அனுப்பிக் கடல் வியாபாரம் பழக்கினார். 1720-ல் தூப்ளே புதுச்சேரி ஆலோசனைச் சபையில் அங்கத்தினராக நியமனம் பெற்றார். 1730-ல் வங்காளத்திலுள்ள சந்திரநாகூருக்குத் தலைவரானார். தூங்கிக்கிடந்த அத்துறைமுகத்தை விழிக்கச் செய்தார். கம்பெனியின் வேலைக்காரர்கள் தம் சொந்தக் கணக்கிலும் வியாபாரம் செய்துகொள்ள அக்காலத்தில் அநுமதியுண்டு. தூப்ளேயும் செய்தார், பெரும் பொருள் சேர்த்தார். ஒரு கையால் கம்பெனிக் கணக்கையும் மறு கையால் சொந்தக் கணக்கையும் எழுதும் பழக்கம் அங்கேதான் அவருக்கு ஏற்பட்டது. இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1741-ல் புதுச்சேரியிலேயே பிறந்து தமிழ் அறிந்திருந்த ழான் என்னும் விதவையை மணந்தார். 1742-ல் புதுச்சேரி கவர்னர் பதவியை ஏற்றார்.

அவர் ஏற்ற அதிகாரம் எத்தகையது? புதுச்சேரியிலிருந்து பாரிஸுக்குக் கடிதம் எழுதிப் பதில் பெற ஓராண்டுக்கு மேலாகும். ஆதலால் டைரக்டர்கள் பொதுப்பட உத்தரவிடுவார்கள். சமயத்துக்கேற்பச் செய்ய வேண்டியதைக் கவர்னர் செய்துகொள்ள வேண்டும். எவ்வளவு செய்யலாம் என்பதற்கு எழுதப்பட்ட தெளிவான எல்லை இல்லை. தூப்ளே பதவியேற்ற சிறிது காலத்திலேயே, செலவைக் குறைக்கும்படியும் கோட்டை வேலையை நிறுத்தும்படியும் கம்பெனி கட்டளையிட்டது. ஐரோப்பாவில் யுத்தம் மூளும் என்று கண்ட தூப்ளே, தம் சொந்தப் பணத்தையும் நம்பிக்கையையும் வைத்துக் கடற்பக்கத்து மதிலைக் கட்டி முடித்தார். யுத்தம் வந்தது, மதில் பயன்பட்டது, கம்பெனியும் அவர் செய்ததை ஒப்புக்கொண்டது. உத்தரவை மீறினாலும் பலன் நன்றாயிருந்தால் முதலாளி மன்னிப்பார் என்னும் அபாயமான பாடத்தைத் தூப்ளே கற்றுக்கொண்டது இதிலேதான் என்று நாம் கருதுகிறோம்.

அடுத்து வந்தது 1746-ம் வருஷத்துச் சென்னை விவகாரம். மோரீஸ் தீவின் கவர்னரான லபூர்தொனே கப்பற்படை ஒன்றைத் திரட்டிக்கொண்டு வந்து, அவ்வாண்டு செப்டம்பரில் சென்னைக் கோட்டையைப் பிடித்தார். பிடித்தவர், 11 லக்ஷம் வராகன் பெற்றுக்கொண்டு நகரைத் திரும்பக் கொடுப்பதாக ஆங்கிலக் கவர்னர் மோர்ஸுடனும் அவர் சபையாருடனும் உடன்பட்டார். பகைவருடைய ஸ்தலம் எதையும் பிடித்துத் தன்வசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவருக்குப் பிரான்ஸிலிருந்து வந்திருந்த கட்டளை. வைத்துக்கொள்ளவும் கூடாது, சும்மா விட்டுப்போகவும் மனமில்லை என்றால், மீட்புப் பணம் வாங்குவதொன்றே வழி என்பது அவர் வாதம். தூப்ளேயோ, கடலில் நீர் தலைவராயிருக்கலாம், இந்நாட்டு மண்ணில் பிரஞ்சுக் கொடி ஏறிய மறுகணமே அவ்விடம் புதுச்சேரி சபையின் ஆணைக்குள் வந்துவிட்டது, விற்கவும் விடவும் உமக்கு அதிகாரமில்லை என்றார். போதாக்குறைக்கு, சென்னையைப் பிடித்தால் ஆற்காட்டு நவாபு அன்வருத்தீனிடம் ஒப்புவிப்பதாகத் தூப்ளே தாமே வாக்களித்திருந்தார். ஒரே முதலாளியின் காரியஸ்தர் இருவர். ஒரே சொத்தை ஒருவர் ஆங்கிலேயருக்கு எழுதிக்கொடுத்தார், மற்றவர் நவாபுக்கு வாக்களித்தார். இருவரில் யார் மேல், யார் கீழ் என்று முதலாளி தெளிவாக எழுதி வைக்கவில்லை.

இயற்கை குறுக்கிட்டது. அக்டோபரில் வீசிய புயலில் லபூர்தொனேயின் கப்பல்கள் பல சேதமுற்றன. மாலுமிகள் ஏராளமானோர் மாண்டனர். உடன்படிக்கையில் ஒப்பமிட்டு, நகரைப் புதுச்சேரி அதிகாரிகளிடம் விட்டு, அவர் கடலேறிச் சென்றார். அவர் சென்றபின் தூப்ளேயும் சபையாரும் அவ்வுடன்படிக்கை செல்லாதென்று அறிவித்தார்கள். நவாபுக்குக் கொடுத்த வாக்கும் காற்றில் போயிற்று. நகரைக் கேட்டு வந்த அவர் மகன் மாபூஸ்கானின் சேனை அடையாற்றங்கரையில் முறியடிக்கப்பட்டது. மோர்ஸும் மற்றவரும் கைதிகளாகப் புதுச்சேரிக்குக் கொண்டுபோகப்பட்டனர். கோட்டையை ஒட்டியிருந்த கறுப்பர் பட்டணத்தின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. நெசவாளரும் வியாபாரிகளும் வாழ்ந்த அத்தெருக்களின் இடத்தில்தான் இன்று சென்னை ஹைகோர்ட்டு நிற்கிறது. அங்கே அதிகாரம் பற்றிய வாதங்களைக் கேட்கும்போதெல்லாம், யாரோ இருவரின் அதிகாரச் சண்டையில் வீடிழந்த அக்குடிகளின் நினைவு நமக்கு வருவதுண்டு. அவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லபூர்தொனேயின் கதி பரிதாபமானது. பிரான்ஸுக்குத் திரும்பிய அவர், தமக்கென்று தனியே பொருள் பெற்றுக்கொண்டு நகரை விட்டார் என்னும் குற்றச்சாட்டின்மேல் 1748-ல் பாஸ்தீல் சிறையில் அடைக்கப்பட்டார். 1751-ல் குற்றமற்றவரென்று விடுதலை பெற்றார். உடலும் உள்ளமும் நொந்து 1753-ல் மாண்டார். வாதத்தில் வென்றவர் தூப்ளே. ஆனால் அவ்வெற்றியின் விலையை அவர் அப்போது அறியவில்லை. உடன்படிக்கையை மீறியவர்களுக்குத் தாம் கொடுத்த வாக்கும் தம்மைக் கட்டாதென்று கருதி, சென்னையில் குமாஸ்தாவாயிருந்த இளைஞன் ஒருவன் மாறுவேடமிட்டுக் கடலூருக்கு அருகிலிருந்த தேவனாம்பட்டணம் கோட்டைக்கு ஓடினான். அவ்விளைஞனே ராபர்ட் கிளைவ். சென்னையோ, ஐரோப்பாவில் ஏற்பட்ட சமாதானத்தின்படி 1749-ல் ஆங்கிலேயருக்கே திரும்பிற்று.

இதற்குப்பின் தூப்ளேக்கு எல்லை என்பதே தோன்றவில்லை. 1749-ல் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் மாண்டார். தூப்ளேயின் துணையால் சந்தா சாகிப் கர்நாடகத்து நவாபு ஆனார். 1750-ன் இறுதியில் நாஸர் ஜங் கொல்லப்பட, முஸபர் ஜங் நிஜாமாகிக் கிருஷ்ணா நதிக்குத் தெற்கிலுள்ள நாட்டின்மேல் தூப்ளேக்கு அதிகாரம் வழங்கினார். புஸ்ஸி என்னும் தளபதி தக்காணத்தில் நிலைத்து, 1753-ல் வடசர்க்கார் ஜில்லாக்களைப் பெற்றார். பிரஞ்சு மன்னர் தூப்ளேக்கு மார்க்கி பட்டம் அளித்தார். இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? கம்பெனி போர்ச் செலவுக்கு அநுமதி தரவில்லை. அது வேண்டியது வியாபாரமும் சமாதானமும். தூப்ளே தம் சொந்தப் பொருளைக் கொட்டினார். தம் பெயரால் கடன் வாங்கினார். வென்ற நாடுகளின் வரியிலிருந்து அத்தனையும் திரும்பிவிடும் என்று நம்பினார். வெற்றிகளை விரித்து எழுதினார். கடனின் முழுக்கணக்கையோ காலத்தில் தெரிவிக்கவில்லை. புதுச்சேரியில் தலைமைத் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, இக்காரியங்களையெல்லாம் அருகிலிருந்து பார்த்துத் தம் நாட்குறிப்பில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்.

1751-ல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். 1752-ல் ஸ்ரீரங்கத்தில் பிரஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார். 1754 ஜனவரியில் சதுரங்கப்பட்டணத்தில் இரு கம்பெனியாரும் சமாதானம் பேசக் கூடினர். தூப்ளேயின் பிரதிநிதிகள் நிஜாம்களும் மொகலாய பாதுஷாவும் அளித்ததாகச் சொன்ன சனதுகளை மேஜைமேல் வைத்தார்கள். பாதுஷாவின் பெயரால் வந்த பத்திரம் பொய்யென்று ஆங்கிலேயர் மறுத்தார்கள். எட்டாண்டுகளுக்குமுன் லபூர்தொனேயை நோக்கித் தூப்ளே கேட்ட கேள்வி, இப்போது தூப்ளேயை நோக்கித் திரும்பியது. பேச்சு முறிந்தது.

பாரிஸிலிருந்த முதலாளிகளும் அதே கேள்வியைக் கேட்கத் துணிந்தனர். 1754 ஆகஸ்டில் கொதே என்னும் கம்பெனி டைரக்டர் புதுச்சேரியில் வந்திறங்கி அதிகாரத்தை ஏற்றார். வேண்டுமானால் தூப்ளேயைச் சிறைப்பிடிக்கவும் அவரிடம் உத்தரவு இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் தூப்ளே கப்பலேறினார். பிரான்ஸ் சென்று, கம்பெனிக்காகத் தாம் செலவிட்ட பொருளைத் தரும்படி வழக்காடினார். அச்செலவுக்குத் தாங்கள் அதிகாரம் கொடுக்கவில்லை என்று கம்பெனி மறுத்தது. மனைவி 1756-ல் இறந்தாள். கடன்காரர் வாசலில் நிற்க, வழக்கு முடிவுறாமலே, 1763 நவம்பரில் தூப்ளே வறுமையில் உயிர்நீத்தார். புதுச்சேரியில் அவருக்குச் சிலை நாட்டியது 1870-ல்.

இனி நியாயத்தைப் பார்ப்போம். இந்திய ஒப்பந்தச் சட்டம் பிறந்தது 1872-ல். அதைக்கொண்டு தூப்ளேக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனினும் அதைக் கண்ணாடியாக வைத்து அவர் விவகாரத்தைப் பார்க்கலாம். காரியஸ்தர் எல்லை மீறிச் செய்ததில், எல்லைக்குட்பட்ட பகுதியைப் பிரிக்க முடியுமானால் அம்மட்டும் முதலாளியைக் கட்டும் என்பது 227-வது பிரிவு; பிரிக்க முடியாவிடில் முதலாளி அக்காரியத்தை ஏற்கவேண்டியதில்லை என்பது 228-வது பிரிவு. இவை முதலாளியைக் காப்பவை. ஆனால், காரியஸ்தருக்கு அதிகாரம் உண்டென்று எதிர்க்கட்சியார் நம்பும்படி முதலாளியே தம் சொல்லாலோ நடத்தையாலோ செய்திருந்தால், அவர் பின்வாங்க முடியாது என்று 237-வது பிரிவு கூறும். கப்பற்படையோடும் மன்னரின் நியமனத்தோடும் கோட்டைவாசலில் நின்ற லபூர்தொனேயின் பையிலிருந்த இரகசியக் கட்டளையை மோர்ஸ் எப்படிப் படித்திருக்கமுடியும்? ஆதலின் சென்னை உடன்படிக்கையைக் கிழித்தது நியாயமன்று என்பதே நமது அபிப்பிராயம்.

தூப்ளேயின் சொந்த வழக்கிலும் அவ்வாறே இரு பக்கம் உண்டு. கொடுத்த அதிகாரத்துக்குட்பட்டு நேர்மையாகச் செய்ததன் விளைவுகளுக்கு முதலாளி ஈடு செய்யவேண்டும் என்பது 222-வது பிரிவு. போர் நடத்த அதிகாரம் இல்லை. ஆகவே கேட்க உரிமையில்லை என்று கம்பெனி சொல்லலாம். ஆனால், அதிகாரமின்றிச் செய்த காரியத்தின் ஒரு பகுதியை ஏற்ற முதலாளி முழுவதையும் ஏற்றவராவார் என்று 199-வது பிரிவு சொல்கிறதே! அக்கொள்கையில் பிறந்த வடசர்க்கார்கள் தூப்ளே போன பின்னும் 1759 வரை பிரஞ்சுக்காரர் கையிலிருந்தன. பழத்தை உண்டுகொண்டு மரம் வைத்த கூலியை மறுப்பது எந்த நீதி? மறுபக்கத்தில், சொந்தக் கணக்கையும் கம்பெனிக் கணக்கையும் கலந்து எழுதி, உரிய காலத்தில் அநுமதி கேளாதிருந்த தூப்ளே, தம் வழக்கைத் தாமே கெடுத்துக்கொண்டார் என்பதையும் மறைக்கலாகாது.

அதிகாரம் கொடுக்கிறவர் எவ்வளவு தொகை வரை, எந்தக் காரியம் வரை, எந்த நாள் வரை என்று எழுத்தில் கொடுக்கட்டும். இருவருக்குக் கொடுத்தால் எவர் சொல் முடிவு என்பதையும் எழுதட்டும். அவ்வெல்லையைக் காரியஸ்தரின் பெட்டியில் பூட்டி வைக்காமல் அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்வோருக்கும் தெரிவிக்கட்டும். ஆபத்துக் காலத்தில் கேளாமல் செய்ய நேர்ந்தால், செய்த மறுநாளே காரியஸ்தர் எழுதித் தெரிவிக்கட்டும். முதலாளியும் உண்டு அல்லது இல்லை என்று உடனே பதில் சொல்லட்டும். மௌனமாயிருந்து இலாபத்தை எண்ணிப்பார்த்துப் பிறகு பேசும் முதலாளி, தம் காரியஸ்தரை மட்டுமன்று, தம் பெயரையும் விற்றவராவார்.

கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் மட்டும் நாம் இதைச் சொல்லவில்லை. பொதுக்காரியம் செய்யும் சங்கங்களும் சபைகளும் தம் காரியதரிசிகளுக்குக் கொடுக்கும் அதிகாரத்திலும் இதே கவனம் வேண்டும். பிறர் அதிகாரத்தின் எல்லையை அளக்கிறவர், அதே கோலால் தம்முடையதையும் முதலில் அளந்து பார்க்கட்டும். தூப்ளே அதைச் செய்திருந்தால், ஒரு வேளை வழக்கும் இருந்திராது, வறுமையும் இருந்திராது.