நாளும் எழுதிய நற்றமிழர் ஆனந்தரங்கப் பிள்ளை



வாளெடுத்துப் போர் செய்து புகழ்பெற்றோர் பலர். வாரி வழங்கிப் புகழ்பெற்றோரும் பலர். எழுதுகோலை எடுத்து, அன்றன்று நடந்தவற்றை அன்றன்றே எழுதி வைத்தமையால் புகழ்பெற்ற தமிழர் ஒருவரைப் பற்றி இவ்வாண்டு மலரில் உங்களுக்குக் கூற விழைகின்றேன். அவர்தாம் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை.

பிறப்பும் இளமையும்

ஆனந்தரங்கர் 1709ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை ஒரு வணிகர். அன்னையாரை மிக இளம் வயதிலேயே இழந்தார். பிரெஞ்சுக்காரர்களின் வாணிகக் கழகம் அப்பொழுது புதுச்சேரியில் வளர்ந்து வந்தது. அங்குச் செல்வாக்குடன் விளங்கிய உறவினர் நைனியப்ப பிள்ளையின் அழைப்பை ஏற்றுத் தந்தையார் குடும்பத்துடன் அந்நகரில் குடியேறினார்.

நைனியப்ப பிள்ளை அக்கழகத்தின் தலைமைத் துபாசியாக இருந்தவர். இருவேறு மொழி பேசுவோர்க்கு நடுவில் நின்று, ஒருவர் கூறுவதை மற்றவர்க்கு விளங்கச் செய்பவரையே துபாசி என்பர். அது வெறும் மொழிபெயர்ப்பு வேலையன்று. வணிகம், வழக்கு, தூது ஆகிய அனைத்தும் துபாசியின் வழியாகவே நடந்தன. ஆதலின் அப்பதவிக்குப் பெருமையும் உண்டு, பேராபத்தும் உண்டு. ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளான நைனியப்பர் சிறையில் அடைக்கப்பெற்று, 1717ஆம் ஆண்டு சிறையிலேயே உயிர் நீத்தார். அவர்மீது சுமத்தப்பெற்ற பழி தவறானது என்பதை எடுத்துக்காட்டிப் பிரான்சு நாட்டுக்கு விண்ணப்பங்கள் அனுப்பப்பெற்றன. பின்னர் அத்தீர்ப்பு நீக்கப்பெற்றது. மாண்டவர் மீளவில்லை, ஆனால் அவர்தம் பெயர் மீண்டது. எழுத்தின் வலிமை எத்தகையது என்பதை ஆனந்தரங்கர் தம் குடும்பத்திலேயே கண்டு வளர்ந்தார்.

1726இல் தந்தையார் காலமானார். இளைஞராகிய ஆனந்தரங்கர் கழகத்தின் பணியில் அமர்ந்தார். பரங்கிப்பேட்டையில் இருந்த பண்டசாலைப் பொறுப்பைத் திறம்பட நடத்தி நன்மதிப்பைப் பெற்றார். தாமும் வணிகம் செய்து பொருளீட்டினார். ஆனந்தப் புரவி என்னும் பெயருடைய கப்பலும் அவருக்குச் சொந்தமாக இருந்தது.

நாட்குறிப்பின் தொடக்கம்

1736ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6ஆம் நாள், தமது 27ஆம் வயதில், ஆனந்தரங்கர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். தாம் நேரில் பார்த்தவை, பிறர் வாயிலாக அறிந்தவை, துறைமுகத்தில் நடந்த கப்பல் போக்குவரத்து, நகரில் நிகழ்ந்த புதுமைகள் ஆகியவற்றைக் குறித்து வைப்பதே அவரது நோக்கம். ஏறத்தாழ 25 ஆண்டுகள் அப்பணியைக் கைவிடாது செய்தார்.

அக்காலத்தில் பெரும்பாலோர் ஓலையில் செய்யுள் எழுதினர். ஆனந்தரங்கரோ தாளில் உரைநடை எழுதினார். அதுவும் இலக்கண வரம்புக்குட்பட்ட செந்தமிழ் அன்று. அக்காலத்து மக்கள் வீட்டிலும் கடைவீதியிலும் பேசிய தமிழ். அதனாற்றான் 18ஆம் நூற்றாண்டுத் தமிழர் எவ்வாறு பேசினர் என்பதையும் அவர்தம் எழுத்தால் இன்று நாம் அறிகின்றோம்.

ஓலையும் போரும்

1742இல் தூப்ளே என்பவர் புதுச்சேரியின் ஆளுநராக வந்தார். 1746இல் தலைமைத் துபாசி கனகராய முதலியார் மறைந்தார். அடுத்த ஆண்டு அப்பதவி ஆனந்தரங்கரை வந்தடைந்தது.

அது போர்கள் மலிந்த காலம். 1746இல் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைக் கைப்பற்றியது. வென்றபின் சென்னையை என்ன செய்வது என்பதில் கடற்படைத் தலைவர் லபூர்தொனேக்கும் தூப்ளேக்கும் பெரும்பிணக்கு மூண்டது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடிதங்கள் ஓயாது பறந்தன. அதே ஆண்டு அடையாற்றங்கரையில் எண்ணிக்கையிற் சிறிய பிரெஞ்சுப் படை ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை முறியடித்தது. 1748இல் ஆங்கிலேயக் கப்பற்படை புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பயனின்றித் திரும்பியது.

அக்காலத்தில் தொலைபேசி இல்லை; தந்தியும் இல்லை. ஓட்டக்காரரும் ஒட்டகத்தின் மீது வந்த தூதுவருமே செய்தி கொணர்ந்தனர். நவாபுகளும் தளபதிகளும் விடுத்த கடிதங்களின் பொருள் ஆளுநருக்கு எடுத்துரைக்கப்பெறும். ஆளுநரின் மறுமொழியும் உரிய முறையில் எழுதப்பெறும். ஒரு சொல் பிழைபட்டால் நட்பு பகையாகும். மறுமொழி ஒரு நாள் தாழ்ந்தால் ஒரு கோட்டை கைநழுவும். இத்தகைய பொறுப்பின் நடுவிலேதான் ஆனந்தரங்கர் வாழ்ந்தார். யார் யாருக்கு எழுதினர், ஓலை எப்பொழுது வந்தது, அதைக் கேட்ட ஆளுநர் முகம் மலர்ந்தாரா சினந்தாரா என்பனவற்றையெல்லாம் நாட்குறிப்பில் பதிந்தார்.

ஒரே போரின் இரு கரைகள்

மாணவர்களே, இங்கு ஒரு வியப்பான செய்தியைக் கேளுங்கள். 1748இல் ஐரோப்பாவில் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி பிரெஞ்சுக்காரர் சென்னையை ஆங்கிலேயரிடம் திரும்ப ஒப்படைக்க வேண்டும். அதற்கு ஈடாக ஆங்கிலேயர் வட அமெரிக்காவில் உள்ள லூயிபர்க் கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடம் தரவேண்டும். 1745இல் அக்கோட்டையைப் பிடிப்பதற்குப் பெரும்பாடு பட்டவர்கள் அமெரிக்கக் குடியேற்ற நாட்டு மக்களே. தாங்கள் உயிர் கொடுத்து வென்றதைத் தங்களைக் கேளாமலே கொடுத்துவிட்டார்களே என்று அவர்கள் மனங்கசந்தனர். சென்னைத் தமிழரையும் எவரும் கேட்கவில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

1754இல் தூப்ளே பதவியிழந்து பிரான்சுக்குத் திரும்பினார். அதே ஆண்டு அமெரிக்கக் காட்டில் பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போரிட்டவர் 22 வயது இளைஞரான ஜார்ஜ் வாசிங்டன். அவரும் நாட்குறிப்பு எழுதியவர். பல்லாயிரம் கடிதங்கள் எழுதியவர். 1775இல் தொடங்கிய அமெரிக்க விடுதலைப் போரை அவர் படைத்தலைவராக இருந்து நடத்தியபொழுது எழுதிய கடிதங்களை அந்நாட்டார் கண்ணெனக் காத்து வருகின்றனர். அமெரிக்கருக்கு அக்கடிதங்கள் எத்தகையனவோ, தமிழருக்கு ஆனந்தரங்கரின் நாட்குறிப்பு அத்தகையது.

மறைக்காமல் எழுதிய மாண்பு

ஆனந்தரங்கர் குறையே இல்லாதவர் என்று நான் கூறமாட்டேன். பட்டங்களையும் விருதுகளையும் விரும்பினார். போட்டியாளர்மீது அவர் கொண்ட வெறுப்பும், அக்காலத்துச் சாதி வேற்றுமை எண்ணங்களும் அவர் எழுத்தில் வெளிப்படுகின்றன. 1748ஆம் ஆண்டு முற்றுகையின்பொழுது தூப்ளேயின் ஆணையால் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பெற்றது. பெரும்பதவியில் இருந்தும் அதனைத் தடுக்க அவரால் இயலவில்லை. ஆனால் நடந்ததை மறைக்கவும் இல்லை, எழுதி வைத்தார்.

மற்றொரு செய்தி நம் நெஞ்சை உருக்குவது. 1743ஆம் ஆண்டு சூன் திங்கள் குறிப்பிலே, ஏழை மக்கள் சிலரை வஞ்சகமாகப் பிடித்து, அரியாங்குப்பத்தில் ஒளித்து வைத்து, தலையை மழித்து, காலில் விலங்கு பூட்டி, இரவு நேரத்தில் அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமையை அவர் பதிவு செய்துள்ளார். அம்மக்களுள் எழுதத் தெரிந்தவர் எத்துணைப் பேரோ! அவர்கள் எழுதிய வரி ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. ஆனந்தரங்கர் எழுதியிராவிடில் அவர்கள் பட்ட துன்பம் கடலோடு மறைந்திருக்கும்.

இறுதி நாள்களும் பின்னரும்

1756இல் ஆனந்தரங்கர் தலைமைத் துபாசிப் பதவியை இழந்தார். உடல் நலமும் குன்றியது. ஆங்கிலேயர் மீண்டும் படையெடுத்தனர். 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோல்வியுற்றது. பின்னர்ப் புதுச்சேரி நகரம் முற்றுகையிடப்பெற்று, உணவின்றி மக்கள் வாடினர். அந்நிலையிலும் நாட்குறிப்பு தொடர்ந்தது. 1761ஆம் ஆண்டு சனவரித் திங்களில், நகரம் வீழ்ச்சியுற்ற அதே நாள்களில், ஆனந்தரங்கரின் ஆவி பிரிந்தது. வென்ற படை அழகிய அந்நகரை இடித்துத் தரைமட்டமாக்கியது.

கோட்டை அழிந்தது; ஆளுநரின் மாளிகை அழிந்தது; தாளில் எழுதிய எழுத்து அழியவில்லை. 85 ஆண்டுகள் கழித்து, 1846இல், கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அந்நாட்குறிப்பை ஆனந்தரங்கரின் வழித்தோன்றல்களிடம் கண்டு உலகறியச் செய்தார். 1904 முதல் 1928 வரை அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாகச் சென்னையில் வெளியிடப்பெற்றது. பின்னர்த் தமிழ் மூலமும் அச்சேறியது. இன்று தென்னிந்திய வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் ஆனந்தரங்கரைப் படிக்காமல் எழுத இயலாது.

நாம் செய்ய வேண்டுவது

மாணவச் செல்வங்களே! நான் சிறுவனாக இருந்தபொழுது, தோட்டத்தில் எழுத்தறியாத முதியோர் சிலர் நீலநிற வான்கடிதத்தைக் கையில் ஏந்தி வருவர். தமிழகத்தில் இருந்த தம் உறவினர்க்கு எழுதித் தருமாறு கேட்பர். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். பிறந்த ஊர், விட்டு வந்த தாய், கப்பலில் பட்ட பாடு அனைத்தையும் கண்ணீருடன் கூறுவர். கடிதத்தில் அவர்கள் எழுதச் சொன்னதோ, எல்லாரும் நலம் என்பது மட்டுமே. மற்றவற்றை நான் குறித்து வைக்கவில்லை. இன்று அம்முதியோர் இல்லை. அவர்கள் கூறியவற்றுள் பாதிக்கு மேல் என் நினைவிலும் இல்லை. அதனை எண்ணுந்தோறும் வருந்துகின்றேன்.

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு முதல் காடு திருத்தித் தேயிலை நட்டவர்களுள் நம் முன்னோரும் உண்டு. அவர்கள் எந்த ஊரினர்? எப்பொழுது வந்தனர்? முதல் நாள் இக்குளிரில் எவ்வாறு உறங்கினர்? உங்கள் இல்லத்தில் தாத்தா, பாட்டி இருப்பின் இன்றே அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள். கேட்டதை ஒரு பக்கமேனும் உங்கள் சொந்தத் தமிழில் எழுதுங்கள்; நாளும் ஆண்டும் தவறாது குறியுங்கள். எழுத்துப் பிழை நேருமே என அஞ்ச வேண்டா. ஆனந்தரங்கரும் பேச்சுத் தமிழிலேதான் எழுதினார்.

அடுத்த ஆண்டு மலரில் உங்கள் பக்கங்களை அச்சிட நான் காத்திருக்கின்றேன். எழுதுங்கள், எழுதியதைக் காத்து வையுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நும் கல்வி!