தள்ளுவண்டி முதல் மோட்டார் வரை: ஜான் மோலர் ஸ்டூடிபேக்கரின் வாழ்வு

வண்டி என்னும் சொல் நம் மொழியில் மாடு பூட்டியதையும் குறிக்கும். மோட்டார் பூட்டியதையும் குறிக்கும். அமெரிக்க நாட்டில் இவ்விரு பொருளுக்கும் உரிய வண்டிகளைச் செய்து பெயர் பெற்ற குடும்பம் ஒன்று உண்டு. ஸ்டூடிபேக்கர் என்பது அவர்தம் குடிப்பெயர். 1852ஆம் ஆண்டில் சிறியதொரு கொல்லுப்பட்டறையாகத் தொடங்கிய அவர்கள் தொழில், குதிரை வண்டி உலகில் முன்னணி இடம் பெற்று, பின் மோட்டார் உலகிலும் தழைத்து, 1966ஆம் ஆண்டில் தன் கடைசிக் காரை வெளியிட்டு ஓய்ந்தது. அக்குடும்பத்தின் ஐந்து ஆண்மக்களுள் மூன்றாமவரான ஜான் மோலர் ஸ்டூடிபேக்கர், அத்தொழிலின் தொடக்கத்தையும் கண்டவர். அது மோட்டாருக்கு மாறிய காலத்தையும் கண்டவர். அந்நிறுவனம் எதனால் உயர்ந்தது, எதனைக் கைவிட்டபோது தாழ்ந்தது என்பதை அவர் வாழ்வின் வழியே காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜான் 1833ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். தந்தையின் பெயரும் ஜான், தாய் ரெபெக்கா. முன்னோர் ஜெர்மானிய நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். டங்கர் என அழைக்கப்பட்ட கிறித்தவச் சிறுபிரிவைச் சார்ந்த குடும்பம் அது. எளிய உடையும் ஆடம்பரம் அற்ற வாழ்வும் அப்பிரிவினரின் அடையாளங்கள். போரில் பங்கேற்பதை அவர்கள் பாவம் எனக் கருதினர்.

தந்தை கைத்திறன் மிக்க கொல்லர். வண்டி செய்வதிலும் வல்லவர். ஆயினும் செல்வம் சேரவில்லை. ஒகையோ மாநிலத்தின் ஆஷ்லாந்துக்குப் பெயர்ந்த பின்னரும் கடன் அவரை விடாது தொடர்ந்தது. அன்பைத் தவிர வேறெதையும் பிறர்க்குக் கடன்பட்டிருத்தல் ஆகாது என்னும் கருத்தமைந்த விவிலிய வாசகத்தை அவர் தம் பட்டறையில் எழுதி மாட்டியிருந்தார். கடனால் வருந்திய ஒருவர் நாள்தோறும் தம் கண்ணெதிரே மாட்டிவைத்த எச்சரிக்கை என்றே அதனைக் கொள்ள வேண்டும். மக்கள் ஐவரும் அதனைப் பார்த்தே வளர்ந்தனர்.

கடன் பற்றிய இவ்வச்சம் நமக்குப் புதிதன்று. மையித்தைத் தொழுகைக்கு வைக்குமுன், இறந்தவர் எவருக்கேனும் கடன்பட்டிருந்தால் தம்மிடம் வந்து பெற்றுக்கொள்ளுமாறு வாரிசுகள் அறிவிப்பது நம் ஜமாஅத்துகளில் இன்றும் உள்ள வழக்கம். இறந்தவரின் கடனை முதலில் வினவியது பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. ஆகவே, அந்தக் கொல்லரின் உள்ளம் நமக்கு எளிதில் விளங்கும்.

1852 பிப்ரவரியில் மூத்தவர் ஹென்றியும் அவர்க்கு இளையவர் கிளெமெண்டும் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் பட்டறை திறந்தனர். அவர்கள் கையில் இருந்த முதல் 68 டாலர். அதனோடு உலைக்களக் கருவிகள் சில. கலிபோர்னியாவில் பொன் கிடைத்த செய்தி நாடெங்கும் பரவிப் பல்லாயிரவர் மேற்கு நோக்கிப் புறப்பட்ட காலம் அது. பத்தொன்பது வயதான ஜானுக்கும் அந்த ஆசை பற்றிக்கொண்டது. வழிச்செலவுக்குப் பணமில்லை. எனவே பாரவண்டி ஒன்றைச் செய்து, மேற்கே செல்லும் பயணக் கூட்டத்தார்க்கு அதனைக் கொடுத்து, அதற்கு ஈடாகத் தம்மையும் உடன் அழைத்துச் செல்லச் செய்தார்.

மாதக்கணக்கில் நீண்ட பயணம் அது. பாலையும் மலையும் கடக்க வேண்டும். ஆரக்கால் முறிந்தாலும் அச்சு இற்றாலும் பயணம் நடுவழியில் நின்றுவிடும். மேடும் பள்ளமும் ஏறி இறங்க வேண்டியிருத்தலை எண்ணி, உமணர் தம் உப்பு வண்டியின் அச்சுக்குக் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூற்றில் ஔவையார் பதிவு செய்துள்ளார். வண்டியோட்டியின் கவலை எந்நாட்டிலும் ஒன்றே போலும். வண்டியின் உறுதியே அதில் செல்வோரின் உயிர் என்பதை ஜான் இப்பயணத்தில் நேரில் கண்டார். பின்னாளில் அவர் செய்து விற்ற வண்டிகளின் உறுதிக்கு இவ்வனுபவமும் ஒரு காரணம் எனலாம்.

வண்டிக்குச் சேமம் வைத்த இளைஞர் தம் பைக்குச் சேமம் வைக்கத் தவறினார். கையிலிருந்த சிறு தொகையின் பெரும்பகுதியை வழியில் சீட்டுச் சூதில் இழந்தார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1853 ஆகஸ்டில் அவர் பிளேசர்வில் என்னும் பொன்வயல் ஊரை அடைந்தபோது எஞ்சியிருந்தது ஐம்பது சென்ட் மட்டுமே.

வந்திறங்கிய அன்றே ஒரு திருப்பம் நிகழ்ந்தது. அவ்வூர்க் கொல்லர் ஹிண்ட்ஸ் என்பார், வந்த கூட்டத்தில் வண்டி செய்யத் தெரிந்தவர் எவரேனும் உளரா என வினவினார். உடன் வந்தோர் ஜானைச் சுட்டிக் காட்டினர். பொன் தோண்ட வந்தவர்க்குப் பட்டறை வேலை கசந்தது; மறுத்துவிட்டார். அருகிலிருந்த ஒருவர், கிடைத்த வேலையை விடலாகாது, பொன் எங்கும் போய்விடாது என்ற பொருள்பட அறிவுரை கூற, மனம் மாறி ஏற்றுக்கொண்டார். சுரங்கத் தொழிலாளர்க்கு வேண்டிய ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்வதே அவ்வேலை. ஒன்றுக்குப் பத்து டாலர் கூலி. தகுந்த கருவிகள் இன்றிச் செய்த முதல் வண்டியின் சக்கரம் கோணலாக அமைந்தது. ஆயினும் நாளடைவில் அவர் செய்த தள்ளுவண்டியை நாடி வராத சுரங்கத் தொழிலாளர் அரியர் ஆயினர். தள்ளுவண்டி ஜான் என்பதே அவர் பெயராயிற்று. பொன் தேடி வந்தோரில் பலர் வெறுங்கையராய்த் திரும்ப, ஒரு பிடி மண்ணும் தோண்டாத அவர் ஐந்தாண்டு உழைப்பில் 8,000 டாலர் சேர்த்தார்.

இதற்கிடையே சவுத் பெண்டில் தமையன்மார் இருவரும் ஓர் இக்கட்டில் இருந்தனர். 1857இல் அரசுப் படைக்கு வேண்டிய பாரவண்டிகளுள் ஒரு பகுதியைச் செய்து தரும் வேலை அவர்கட்கு வந்தது. தொழிலுக்கு அது பெரும் வாய்ப்பு. ஆயினும் போரை மறுக்கும் சமயத்தில் பிறந்த ஹென்றிக்குப் படை வண்டி செய்து பொருளீட்டுதல் மனச்சுமையாயிற்று. உடல்நலமும் குன்றியிருந்தது. 1858இல் ஊர் திரும்பிய ஜான், தம் சேமிப்பைக் கொண்டு ஹென்றியின் பங்கை வாங்கிக்கொண்டார். ஹென்றி உழவுத் தொழிலை மேற்கொண்டு ஒதுங்கினார்.

இவ்விடத்தில் சிறிது நின்று எண்ண வேண்டும். ஸ்டூடிபேக்கர் நிறுவனத்தைப் போற்றுவோர் தள்ளுவண்டிப் பணத்தை வியந்து பேசுவர். ஹென்றி விலகிய காரணத்தை ஒரு வரியில் கடந்து செல்வர். ஆனால் மூன்றே ஆண்டுகளில் மூண்ட உள்நாட்டுப் போரில் அரசுக்கு விற்ற வண்டிகளே அந்நிறுவனத்தைப் பெருநிறுவனமாக வளர்த்தன என்பது மறுக்க முடியாத உண்மை. தந்தை மாட்டிய வாசகத்தில் கடன் பற்றிய பகுதியை ஜான் பற்றிக்கொண்டார். தமையனை வருத்திய கேள்வி அவரை அத்துணை வருத்தியதாகத் தெரியவில்லை. இருவருள் எவர் சரி என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெரும் பொருளை விட்டு விலகிய ஹென்றியின் பெயரை மறத்தல் முறையன்று.

1868இல் சகோதரர்கள் முறையான நிறுவனம் அமைத்தனர். இளையவர்களான பீட்டரும் ஜேக்கபும் அதில் பங்கேற்றனர். பீட்டர் விற்பனையில் வல்லவர். 1872, 1874 ஆகிய ஆண்டுகளில் தீ விபத்துகள் தொழிற்சாலையைப் பாழாக்கின. ஒவ்வொரு முறையும் மீண்டும் கட்டினர். உழவர்க்குப் பாரவண்டி, செல்வர்க்குச் சாரட்டு என எல்லா வகையும் செய்தனர். ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட இரவில் நாடக அரங்குக்கு ஏறிச் சென்ற சாரட்டையும் பிற்காலத்தில் கிளெமெண்ட் விலைக்கு வாங்கிக் காத்தார். அது சவுத் பெண்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

உடன்பிறந்தார் ஒவ்வொருவராக மறைய, 1901இல் கிளெமெண்டும் மறைந்தபின் தலைமைப் பொறுப்பு ஜானிடம் வந்தது. அப்போது அவர்க்கு வயது 68. மோட்டார் என்னும் புதுமை கதவைத் தட்டிய நேரம் அது. பெட்ரோல் காரின் இரைச்சலையும் நாற்றத்தையும் அவர் வெறுத்தார். ஆதலின் முதலில், 1902இல், மின்கலத்தால் ஓடும் காரையே நிறுவனம் வெளியிட்டது. அவர் மகளை மணந்த பிரடெரிக் பிஷ் என்னும் வழக்கறிஞர்தாம் மோட்டாரின் வருங்காலத்தை எடுத்துரைத்து மாமனாரை இசைவித்தவர். 1904இல் பெட்ரோல் காரும் வந்தது. முதுமையில் தம் வெறுப்பை ஒதுக்கி இளையவர் சொல்லுக்குச் செவிசாய்த்தது சிறு செயலன்று. அன்றிருந்த எண்ணற்ற குதிரை வண்டி நிறுவனங்களுள் மோட்டார் தொழிலில் நிலைபெற்றவை மிகச் சில. அவற்றுள் தலையாயது இது.

ஆயினும் ஜானின் பெருமை முழுதும் விளங்கியது ஒரு தோல்வியில்தான். டெட்ராய்ட் நகரின் இ.எம்.எப். என்னும் நிறுவனத்தார் செய்த கார்களை 1908 முதல் ஸ்டூடிபேக்கர் தன் விற்பனையாளர் வழி விற்றது. அக்கார்கள் அடிக்கடி பழுதாயின. இ.எம்.எப். என்ற எழுத்துகளுக்கு, காலைதோறும் பழுதுபார்க்க வேண்டிய கார் எனப் பொருள் சொல்லி மக்கள் நகைத்தனர். குதிரை வண்டிக் காலத்தில் சேர்த்த நற்பெயர் தேய்வதைக் கண்ட ஜான் வாளாவிருக்கவில்லை. 1910இல் அந்நிறுவனத்தைத் தம் நிறுவனத்தின் பிடியில் கொண்டுவந்தார். கார் வாங்கி வருந்தியவர்களின் வீடுகளுக்கே மெக்கானிக்குகளை அனுப்பிப் பழுதான உறுப்புகளை மாற்றித் தரச் செய்தார். இதற்கு ஆன செலவு பத்து லட்சம் டாலர். பொருளை விற்றுப் பணத்தையும் பெற்றபின், வாங்கியவர்க்குத் தாம் இன்னும் கடன்பட்டிருப்பதாக அவர் கருதினார் என்பதே இதன் பொருள்.

1911இல் நியூயார்க் நிதி நிறுவனங்களின் துணையோடு ஸ்டூடிபேக்கர் கார்ப்பரேஷன் உருவாயிற்று. குடும்பத் தொழில் பங்குதாரர் தொழிலாயிற்று. மறு ஆண்டு ஜான் பிளேசர்வில்லுக்குச் சென்று, எஞ்சியிருந்த பழைய நண்பர்களோடு விருந்துண்டார். அவர் தள்ளுவண்டி செய்த இடம் கலிபோர்னிய அரசின் வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்றாகப் பின்னர் அறிவிக்கப்பட்டது. 1917 மார்ச் 16ஆம் நாள், 83ஆம் வயதில், சவுத் பெண்டில் அவர் காலமானார். ஐவருள் கடைசியாக மறைந்தவர் அவரே.

அதன்பின் நடந்தவற்றையும் சொல்லாமல் அவர் வரலாறு நிறைவுறாது. 1915 முதல் தலைவராயிருந்த ஆல்பர்ட் எர்ஸ்கின் தொடக்கத்தில் நிறுவனத்தை வளர்த்தார். ஆனால் 1929இல் பெருமந்தம் தொடங்கியபோது, அது விரைவில் நீங்கிவிடும் என நம்பினார். 1930இல் ஈட்டிய இலாபத்தைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கைப் பங்குதாரர்க்கு ஈவுத்தொகையாக வழங்கினார். அடுத்த ஆண்டும் முதலிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். உமணர் பாதுகாத்த சேம அச்சை இவர் வழியிலேயே விற்றுவிட்டார் எனலாம். 1933 மார்ச்சில் நிறுவனம் கடனடைக்க இயலாது நீதிமன்றப் பொறுப்பாளர் கைக்குச் சென்றது. அவ்வாண்டு ஜூலையில் எர்ஸ்கின் தற்கொலை செய்துகொண்டார். கடனுக்கு அஞ்சிய கொல்லரின் பெயரால் நடந்த நிறுவனத்துக்கு நேர்ந்த கதி இது.

பால் ஹாப்மன், ஹெரால்டு வான்ஸ் ஆகிய இருவர் அதனை மீட்டனர். இரண்டாம் உலகப் போரில் அது செய்த லாரிகள் பேரளவில் சோவியத் நாட்டுக்குச் சென்றன. போர் முடிந்ததும் புதிய வடிவக் காரை மற்றவர்க்கு முன்னரே வெளியிட்டு, 1950இல் தன் வரலாற்றில் மிகுதியான கார்களை விற்றது. ஆனால் இலாபம் வந்த அந்நாட்களில் பழைய தொழிற்சாலையைப் போதிய அளவு புதுப்பிக்கவில்லை. 1953இல் ரேமண்ட் லோவியின் நிறுவனம் வடித்த அழகிய காரை மக்கள் விரும்பினர்; நிர்வாகமோ தேவையைத் தவறாகக் கணித்து மற்ற வகையையே மிகுதியாகச் செய்தது. போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் விலைப்போட்டியில் இறங்க, சிறிய நிறுவனத்தால் ஈடுகொடுக்க இயலவில்லை. 1954இல் பேக்கார்டு நிறுவனத்தோடு இணைந்தும் பயனில்லை.

1963 டிசம்பரில் சவுத் பெண்ட் தொழிற்சாலை மூடப்பட்டது. கனடாவின் ஹாமில்டனில் மட்டும் 1966 மார்ச் வரை கார்கள் செய்யப்பட்டன. மூடியபோது தெரியவந்த உண்மை கொடியது. தொழிலாளர்க்கு உறுதியளித்த ஓய்வூதியத்துக்குப் போதிய நிதி சேர்த்துவைக்கப்படவில்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றோரும் அறுபது வயதை எட்டியோருமாகிய ஏறத்தாழ 3,600 பேர் முழுத்தொகை பெற்றனர். அவர்க்கு இளைய ஏறத்தாழ 4,000 பேர்க்குக் கிடைத்தது, உரிய தொகையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கே. இவர்தம் சராசரி வயது 52. சராசரிப் பணிக்காலம் 23 ஆண்டுகள். எஞ்சிய ஏறத்தாழ 2,900 பேர்க்கு ஒன்றுமே இல்லை.

இந்நிகழ்ச்சி அமெரிக்க நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகள் பேசப்பட்டது. 1974இல், தொழிலாளரின் ஓய்வூதியத்துக்கு உரிய நிதியை நிறுவனங்கள் முன்கூட்டியே சேர்த்தல் வேண்டும் என்னும் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் பின்தேதியிட்டுச் செல்லுபடியாகவில்லை. ஆதலின் சவுத் பெண்ட் தொழிலாளர் அதனால் ஒரு காசும் பெறவில்லை.