இப்னு பதூதாவும் இலங்கை மாணிக்கமும்

ஹிஜ்ரி 703 றஜப் மாதம், அதாவது கி.பி. 1304 இல், மொரோக்கோவின் தஞ்சா நகரில் பிறந்த அபூ அப்துல்லாஹ் முஹம்மத் என்பவரை உலகம் இப்னு பதூதா என்றே அறியும். மார்க்கச் சட்டம் கற்ற குடும்பம். இருபத்தொரு வயதில் ஹஜ்ஜுக்கென்று தனியே வீட்டை விட்டுப் புறப்பட்டவர், சொந்த நாட்டுக்குத் திரும்பியது இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான். அதற்குச் சற்று முன்னரே தாயார் கொள்ளை நோயில் வபாத்தாகியிருந்தார்.

அவருடைய பயணம் முழுவதையும் எழுதப் புகுந்தால் இம்மலர் போதாது. டில்லியில் முஹம்மத் பின் துக்ளக்கிடம் காழியாக இருந்தது, சீனாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டுக் கள்ளிக்கோட்டைக் கரையில் எல்லாவற்றையும் இழந்தது, மாலைதீவில் மீண்டும் காழியாகி மனத்தாங்கலோடு வெளியேறியது, இவற்றையெல்லாம் ஒரு வரியில் தாண்டிச் செல்கிறேன். 1344 இல் அவர் நம் நாட்டில் கண்டவற்றைச் சொல்வதே என் நோக்கம். மலையகத்தில் வாழும் நமக்கு அதில் தனியான உரிமை உண்டு.

மாலைதீவிலிருந்து தென்னிந்தியக் கரைக்குப் போக ஏறிய கப்பல் வழி தவறி, ஒன்பது நாட்களில் இலங்கைக்கு வந்துவிட்டது. தூரத்திலேயே வானுயர்ந்த புகைத் தூண்போலத் தெரிந்தது நமது பாவா ஆதம் மலை. கரையிறங்கிய பத்தாலா என்பது புத்தளம் என்பர். அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீகம் விளங்கியது. அரசர் முன்னால் முத்துக்கள் குவிந்து கிடந்தன. வேண்டியதைக் கேட்கச் சொன்னபோது, ஆதம் நபி (அலை) அவர்களின் பாதச்சுவட்டைத் தரிசிப்பதைத் தவிர வேறெதையும் இவர் கேட்கவில்லை. அரசர் பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பினார். மாணிக்கக் கற்களும் கொடுத்தார்.

வழியில் கூனகார் என்ற தலைநகர். அதைக் குருணாகல் என்போரும் உண்டு, கம்பளை என்போரும் உண்டு. இரு மலைகளுக்கிடையே ஒடுங்கிய பள்ளத்தாக்கில், மாணிக்கம் எடுக்கப்படும் நீர்நிலையின் அருகே அந்நகர் இருந்ததாம். வெள்ளை யானையின் நெற்றியில் கோழி முட்டையிலும் பெரிய ஏழு கற்களைப் பார்த்திருக்கிறார். பெண்கள் பல நிறக் கற்களைக் கழுத்திலும் கையிலும் காலிலும் அணிந்திருந்தனர்.

யானையைவிட என்னைக் கவர்ந்தது அவர் கவனித்த வியாபார முறைதான். ஒருவர் ஒரு துண்டு நிலத்தை விலைக்கு வாங்கித் தோண்டுவார். வெடிப்புள்ள வெள்ளைக் கற்கள் கிடைக்கும். பட்டை தீட்டுவோர் அவற்றைத் தேய்த்தால் உள்ளிருந்து சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மாணிக்கம் வெளிவரும். நீலக்கல்லின் பெயரை நம் வாயில் வழங்குவதுபோலவே நைலம் என்று அறபியில் எழுதி வைத்திருக்கிறார். நூறு பணம், அதாவது ஆறு பொன் தீனார், பெறுமதிக்கு மேற்பட்ட கல்லை அரசர் விலை கொடுத்து எடுத்துக்கொள்வார். சிறியவை தோண்டியவருக்கே. குழி வெறுமையானால் நட்டம் முழுவதும் நிலம் வாங்கியவர் தலையில்; பெரிய கல் வந்தாலோ வாங்குபவர் அரசர் ஒருவரே. காழியாக இருந்தவர் இதைப் பற்றித் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. எனக்கென்னவோ அது ஒருபக்கக் கணக்காகவே படுகிறது.

இன்று இரத்தினபுரிப் பக்கம் குழி வெட்டுவது பங்கு முறையில் நடக்கிறது. நிலக்காரர், அனுமதிப்பத்திரம் எடுத்தவர், செலவுக்குப் பணம் போடுபவர், தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கு உரியவர், குழியில் இறங்குவோர் என எல்லாருக்கும் பங்குண்டு. ஆறு மலையிலிருந்து அரித்து வருவதில் பாரமானவை வளைவுகளில் தங்கிவிடும். சாதாரண வெண்கல்லைவிட நீலக்கல் பாரம் என்பதால் சரளை மண்ணோடு அடியில் படிந்துவிடும். அந்தப் படிவைத்தான் இல்லம் என்கிறார்கள். அதைக் கூடையிலிட்டு ஓடும் நீரில் அரிப்பார்கள். கிருஷ்ணா நதிக்கரையில் கோல்கொண்டாவின் வைரங்கள் கிடைத்ததும் இப்படியான படிவுகளிலேதான். நம் நாட்டில் வைரம் தோண்டும் தொழில் இல்லை. மாத்தறை வைரம் என்று விற்பது நிறமற்ற சிர்கோன். நகைக்கடைக்குப் போகும் தாய்மார் இதை நினைவில் வைப்பது நல்லது.

பொகவந்தலாவைப் பக்கமும் கல் உண்டு. ஆனால் தோட்ட நிலம் அரசுடையது. கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. லயத்தில் பிறந்து அந்த மண்ணையே கொத்தி வாழ்பவருக்கு, இப்னு பதூதா சொன்ன முதற் காரியமான ஒரு துண்டு நிலம் வாங்குவது எட்டாமலே இருக்கிறது. இரவில் ஆற்றோரம் திருட்டுத்தனமாகக் குழி வெட்டிப் பிடிபடுவோரைக் குறை சொல்லுமுன் இதையும் யோசிக்க வேண்டும்.

மலையேற்றத்துக்கு வருவோம். வழியெல்லாம் அட்டை, யாத்திரிகர்கள் எலுமிச்சை கொண்டு போய்ப் பிழிந்து விடுவார்களாம். மஸ்கெலியாவிலே நாம் இன்றும் செய்வது அதுதானே! ஏற இரண்டு வழிகள். ஆதம் நபியின் பெயரால் பாபா வழி, ஹவ்வா (அலை) அவர்களின் பெயரால் மாமா வழி. பாபா வழி கடினமானது. பத்துச் சங்கிலிகளைப் பிடித்து ஏறவேண்டும். பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். கீழே பார்த்தவருக்கு விழுந்துவிடுவோம் என்ற அச்சம் வந்து கலிமாச் சொல்வதால் அப்பெயராம்.

உச்சிப் பாறையில் ஒன்பது துளைகள். யாத்திரிகர்கள் அவற்றில் பொன்னும் மாணிக்கமும் இடுவர். அவற்றை எடுப்பதற்காக ஏழைகள் முந்திக்கொண்டு ஓடி வருவர். இவர் போனபோது சில கற்களும் கொஞ்சம் பொன்னும் மட்டும் இருந்தன. அவற்றை வழிகாட்டிக்கே கொடுத்துவிட்டார்.

அரசர் தந்த கற்கள் அவரிடம் நிலைக்கவில்லை. மதுரை வழியாகச் சென்று மலபார்க் கரையில் பயணம் செய்தபோது, பன்னிரண்டு கப்பல்களில் வந்த கொள்ளையர் வளைத்துக்கொண்டனர். இலங்கை மாணிக்கம் உட்பட யாவும் பறிபோக, உடுத்த காற்சட்டையோடு மட்டும் கரையில் இறக்கிவிடப்பட்டார். பள்ளிவாசலில் தங்கியவருக்குக் கள்ளிக்கோட்டைக்காரர்கள் ஆடை கொடுத்தார்கள். ஊர் திரும்பிய பின், பல ஆண்டுகள் கழித்து 1355 இல், சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி இப்னு ஜுஸய் என்பவர் எழுத, இவர் சொல்லி முடித்தார். அந்த ஏழு கற்களும் ஆறு தீனாரும் ஒன்பது துளைகளும் அதில் இருக்கின்றன. பிறகு மொரோக்கோவிலேயே காழியாகப் பணியாற்றி, 1368 அல்லது 1369 இல் வபாத்தானார்.