திருமலையில் குடிபுகுந்த அனந்தாழ்வான்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவேங்கடமுடையானை ஸேவிக்கச் செல்லும் பக்தர்கள் பெரிய கோபுரவாசலில் நுழையும்போது, வலப்புறச் சுவரில் உயரத்தில் ஓர் இரும்புக் கடப்பாரை மாட்டப்பட்டிருப்பதைக் காணலாம். மூலவருடைய திருமோவாயில் பச்சைக் கற்பூரம் வெண்மையாகச் சாற்றப்பட்டிருப்பதையும் யாவரும் ஸேவித்திருப்பர். இவ்விரண்டுக்கும் காரணமானவர், சுமார் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் தர்மபத்தினியோடு அம்மலையில் குடியேறிய ஸ்ரீ அனந்தாழ்வான் ஆவார்.

கர்நாடக தேசத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த கிரங்கனூரில், 1053ஆம் ஆண்டு, சித்திரை மாதம் சித்திரை நக்ஷத்திரத்தில் அவர் அவதரித்தார் என்பது பெரியோர் வழக்கு. உடையவருடைய பெருமையைக் கேள்வியுற்றுத் திருவரங்கம் சேர்ந்த அவரை, அருளாளப் பெருமாள் எம்பெருமானாரை ஆச்ரயிக்கும்படி உடையவர் நியமித்தார். அவ்வாறே ஆச்ரயித்து, உடையவர் திருவடிகளிலேயே அனவரதமும் வாழ்ந்து வந்தார்.

ஒருநாள் உடையவர் திருவாய்மொழியைக் காலக்ஷேபம் சாதித்தருளும்போது, திருவேங்கடத்தெம்பெருமானுக்கு இடையறாது அடிமை செய்வதைப் பேசும் பதிகம் வந்தது. அம்மலையில் தங்கி நந்தவனம் அமைத்துப் புஷ்ப கைங்கர்யம் செய்ய வல்லவர் யாரேனும் உளரோ என்று உடையவர் வினவியருளினார். கோஷ்டி மௌனமாயிருந்தது. அந்த மௌனத்திற்குக் காரணம் இருந்தது. திருமலை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,800 அடி உயரமுள்ளது. வாகனங்கள் ஏறும் முதல் மலைப்பாதை அமைந்ததே 1944இல்தான். அந்நாளில் அது கடுங்குளிரும் காட்டு விலங்குகளும் நிறைந்த ஏகாந்த ஸ்தலம். அதற்கும் மேலாக, ஆசார்யனைப் பிரிய வேண்டும். அனந்தாழ்வான் ஒருவரே எழுந்து, நியமனமானால் அடியேன் செல்வேன் என்று விண்ணப்பித்தார். உடையவர் மகிழ்ந்து, இவரன்றோ ஆண்பிள்ளை என்று கொண்டாடினார். அன்று முதல் அவருக்கு அனந்தாண்பிள்ளை என்ற திருநாமம் வழங்கலாயிற்று.

நியமனம் பெற்றவர் அவர். ஆனால் உற்றாரையும் ஊரையும் விட்டு அவருடன் மலையேறிய தர்மபத்தினியாரின் துணிவும் குறைந்ததன்று. உடையவருக்குத் திருமாமனான பெரிய திருமலை நம்பிகள் பாபவிநாசத்திலிருந்து நாள்தோறும் திருமஞ்சன தீர்த்தம் கொணர்ந்து வாழ்ந்த மலை அது. அங்கே திருக்கோயிலின் பின்புறத்தில் இவர்கள் காட்டைத் திருத்தி நந்தவனம் அமைத்து, அதற்கு உடையவர் திருநாமத்தையே சாற்றினர்.

பூச்செடிகளுக்கு நீர் வேண்டி ஓர் ஏரி வெட்டத் தொடங்கினர். அனந்தாழ்வான் கடப்பாரையால் மண்ணை வெட்டுவார். அம்மையார் கூடையிற் சுமந்து சென்று கொட்டுவார். அப்போது அவர் கருவுற்றிருந்தார். ஒரு பிரஹ்மசாரிச் சிறுவன் வந்து, மண் சுமக்க உதவுகிறேன் என்றான். இது ஆசார்யன் எங்களுக்கு இட்ட பணி, பிறர்க்குப் பங்கில்லை என்று அனந்தாழ்வான் மறுத்துவிட்டார். சிறுவனோ அவர் கண்ணுக்கு எட்டாத திருப்பத்தில் நின்று, அம்மையாரிடமிருந்து கூடையை வாங்கிச் சுமந்தான். அம்மையார் வழக்கத்தினும் விரைந்து திரும்புவதைக் கண்டு விஷயமறிந்த அனந்தாழ்வான், சினம் கொண்டு சிறுவனைத் துரத்திக் கடப்பாரையை வீசினார். அது அவன் மோவாயில் பட்டது. அவன் திருக்கோயிலுக்குள் ஓடி மறைந்தான். ஸந்நிதியில் மூலவருடைய திருமோவாயிலிருந்து ரத்தம் பெருகக் கண்டு அர்ச்சகர்கள் நடுங்கினர். ஓடிவந்த அனந்தாழ்வான் உண்மையுணர்ந்து கதறி, பச்சைக் கற்பூரத்தை வைத்து அழுத்தினார்.

கைங்கர்யத்தில் இத்தனை உறுதியுடையவருக்கும் எம்பெருமான் அன்று ஒன்றை உணர்த்தியருளினான். ஆசார்யன் இட்ட பணியில் ஊன்றியிருந்த அவருக்குக் கூடை சுமந்தவளின் களைப்பு புலப்படவில்லை, எம்பெருமானுக்குப் புலப்பட்டது. கைங்கர்யம் நம்முடையது என்ற எண்ணமும் ஒரு மமகாரமே. அதைப் போக்க அவன் தன் திருமேனியிலேயே தழும்பை ஏற்றுக்கொண்டான். அடியவனைத் தண்டிக்காமல் அவனுடைய கடப்பாரையைத் தன் வாசலிலே விளங்கச் செய்த ஸௌசீல்யத்தை என்னென்பது!

மலைவாழ்வின் மேன்மையை அனந்தாழ்வான் நன்கறிந்திருந்தார். ஒருமுறை யாத்திரையில் வெகுதூரம் சென்றபின் கட்டுப்பிரஸாதத்தை அவிழ்க்க, அதில் எறும்புகள் இருந்தன. திருமலையில் ஏதேனும் ஒன்றாகப் பிறக்கக் குலசேகராழ்வார் ஆசைப்பட்டிருக்க, அங்குள்ளவற்றைப் பிரித்தல் தகாது என்று திரும்பிச் சென்று அவற்றை மலையிலேயே விட்டார். நந்தவனத்தில் நாகம் தீண்டியபோதும் மருந்து நாடவில்லை. விஷம் வலிதாகில் விரஜையில் நீராடிப் பரமபதத்தில் தொண்டு செய்வேன், இவ்வுடல் வலிதாகில் ஸ்வாமி புஷ்கரிணியில் நீராடி இங்கே தொண்டு செய்வேன் என்று கூறிப் பூத்தொடுக்கச் சென்றார்.

பின்னர் உடையவர் திருமலைக்கு எழுந்தருளி, தம் திருநாமம் தாங்கிய நந்தவனத்தைக் கண்டு திருவுள்ளம் உகந்தார். அனந்தாழ்வான் பரமபதித்தபின் அத்தோட்டத்திலே மகிழமரமாக நிற்கிறார் என்பது ஸம்ப்ரதாயம். ஆண்டுதோறும் திருவாடிப்பூரத்தன்று மலையப்ப ஸ்வாமி உபய நாச்சிமாருடன் அங்கே எழுந்தருள, அம்மகிழமரத்திற்கு ஸ்ரீசடாரி ஸாதிக்கப்பெறுகிறது.

உத்ஸவத்தில் மாலை தொடுப்போரும், அவர்தம் இல்லத்தில் அடுப்பெரிப்போரும், குழந்தையை இடுப்பில் சுமந்து நடப்போரும் ஒரே கைங்கர்யத்தைச் செய்பவரே. அவர்கள் சுமக்கும் கூடையை அவனும் தாங்குகிறான் என்ற அத்யவஸாயத்துடன் அனந்தாழ்வான் திருவடிகளை வணங்கி உய்வோமாக.