மைக்கேல் மதுசூதனர் கொடுத்த விலை

கல்கத்தாவின் தென்மேற்கே ஹூக்ளி நதியை ஒட்டி அமைந்துள்ள கிடர்பூரை இன்று அதன் கப்பல்துறையால் அறிகிறோம். அத்துறை திறக்கப்பட்டது 1892-இல். அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் ராஜ்நாராயண் தத்தர் என்னும் வழக்கறிஞர் அங்கே வீடு வாங்கிக் குடியேறினார். ஜெசோர் மாவட்டத்தில் கபோதாட்ச நதிக்கரையிலுள்ள சாகர்தாரி கிராமம் அவரது பூர்விகம். பாரசீக மொழியில் தேர்ந்த அவர், கல்கத்தாவின் சதர் திவானி அதாலத்தில் வாதாடிப் பெரும் பொருள் ஈட்டியிருந்தார். அவரது மனைவி ஜாஹ்னவி தேவி. அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுள் நிலைத்தது 1824 ஜனவரி 25 அன்று பிறந்த மதுசூதன் ஒருவனே.

ஒரே மகன், செல்வந்தர் வீடு. செல்லத்திற்கு அளவில்லை. தந்தை புகைத்துக்கொண்டிருந்த ஹூக்காவின் குழலையே மகனிடம் நீட்டுவாராம். அக்காலத்து வங்காளக் குடும்பத்தில் இது எவரையும் திகைக்க வைக்கும் செயல். கல்லூரி நண்பர்கள் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் அதை மறக்கவில்லை. தாய் ஜாஹ்னவி ராமாயண, மகாபாரதக் கதைகளைச் சொல்லி மகனை வளர்த்தார். அந்தக் கதைகள் மகனுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கின என்பது அவருக்குத் தெரியவே இல்லை. அது வெளிப்படுவதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

ஹிந்து கல்லூரியில் மதுசூதனருக்கு ஆங்கில இலக்கியம் கற்பித்தவர் கேப்டன் ரிச்சர்ட்சன். பைரன்மீது பித்து, ஆங்கிலத்தில் பெருங்கவிஞராக வேண்டும் என்னும் வெறி, அதற்கு இங்கிலாந்து சென்றே தீரவேண்டும் என்னும் எண்ணம், இவை மூன்றும் பதினெட்டு வயது இளைஞரை ஆட்கொண்டிருந்தன. தம் கவிதைகளை வேர்ட்ஸ்வொர்த்துக்குச் சமர்ப்பணம் செய்து பிரிட்டிஷ் பத்திரிகைக்கு அனுப்பிய துணிச்சலும் அவருக்கு இருந்தது. இந்நிலையில், 1842-இன் இறுதியில், பெற்றோர் ஒரு ஜமீன்தாரின் பெண்ணை அவருக்கு நிச்சயம் செய்தனர். 1843 பிப்ரவரி தொடக்கத்தில் மதுசூதனர் கிடர்பூர் வீட்டைவிட்டுக் காணாமற்போனார்.

தந்தை ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து மகனைத் தூக்கிச் சென்றுவிடுவார் என்று பாதிரிமார்கள் அஞ்சினர். அதனால் மதுசூதனர் வில்லியம் கோட்டைக்குள் காவலில் தங்கவைக்கப்பட்டார். பிப்ரவரி 9 அன்று பழைய மிஷன் தேவாலயத்தில் ஆர்ச்டீக்கன் டீல்ட்ரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். அன்று பாடப்பட்ட கீதத்தை இயற்றியவரும் மதுசூதனரே.

கணக்கிடாத செலவு

கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று இயேசுநாதர் கேட்டதை லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரம் கூறுகிறது. தம் பின்னால் திரளாக வந்த மக்களிடம், தாயையும் தந்தையையும் உற்றாரையும் விடத் துணியாதவன் தமக்குச் சீடனாக முடியாது என்று சொல்லிய கையோடு அவர் கூறிய உவமை இது. மதுசூதனர் அப்படிக் கணக்கிட்டாரா? திருமுழுக்குக்கு முன் அவரிடம் உரையாடிய கிருஷ்ண மோகன் பானர்ஜி, பின்னாளில் தம் நினைவைப் பதிவு செய்துள்ளார். கிறிஸ்தவராகும் ஆவலுக்கு இங்கிலாந்து செல்லும் ஆவல் சற்றும் குறைந்ததாகத் தமக்குத் தோன்றவில்லை என்பது அவரது கணிப்பு. கிருஷ்ண மோகன் விளையாட்டாகப் பேசுபவர் அல்லர். உயர்குலப் பிராமணராகப் பிறந்து, 1832-இல் கிறிஸ்தவராகி, வீட்டையும் உறவையும் இழந்து, அந்த இழப்பின் எடையை நன்கு உணர்ந்தவர். அவர் கணிப்பை ஒதுக்கிவிட முடியாது.

ஆக, மதுசூதனர் தேவாலயத்தின் வாசலில் நுழைந்தபோது அவர் கண்கள் கப்பலைத் தேடிக்கொண்டிருந்தன என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் வேறு எதையோ நாடி வந்தவர் என்பதற்காக அந்த வாசலில் கேட்கப்படும் விலை குறைக்கப்படவில்லை. சீடர் கொடுக்க வேண்டியது முழுவதையும் அவர் கொடுத்தார்.

கிறிஸ்தவரான மாணவருக்கு ஹிந்து கல்லூரியில் இடமில்லை. பிராயச்சித்தம் செய்து மகனை மீட்டுவிடத் தந்தை ஆயத்தமாக இருந்தார், மகன் மறுத்துவிட்டார். மகனை நினைந்து தாய் வடித்த கண்ணீர் தந்தையை இளக்கியது. 1844-இல் ஹௌராப் பக்கம் சிப்பூரிலுள்ள பிஷப் கல்லூரியில் மகன் சேர்ந்தபோது அச்செலவை ராஜ்நாராயணரே ஏற்றார். அங்கு மதுசூதனர் கிரேக்கமும் லத்தீனும் சமஸ்கிருதமும் கற்றார். கூடவே வேறொரு பாடமும் கிடைத்தது. ஐரோப்பிய மாணவர்கள் அணியும் கல்லூரி உடையை இந்திய மாணவர்கள் அணிய அனுமதி இல்லை. ஒரே திருமுழுக்கு, ஒரே வேதம், உடை மட்டும் இரண்டு. கல்லூரி உடை இல்லாவிட்டால் சுதேச உடைதான் என்று சொல்லப்பட்டபோது, மதுசூதனர் பளபளக்கும் பட்டும் பலவண்ணச் சால்வைத் தலைப்பாகையும் அணிந்து வந்து நின்றார். நிர்வாகம் இறங்கி வந்தது. வெற்றி அவருக்குத்தான். எனினும், எதற்காக வீட்டைத் துறந்தாரோ அந்தச் சமத்துவத்தைப் போராடித்தான் பெறவேண்டியிருந்தது என்பதை அவர் அன்று கண்டிருப்பார்.

கிடர்பூரில் வேறொரு துயரம் நடந்துகொண்டிருந்தது. ஈமக்கடன் செய்ய மகன் வேண்டும் என்று ராஜ்நாராயணர் மேலும் திருமணங்கள் செய்துகொண்டார். மகன் பிறக்கவில்லை. தான் பெற்ற ஒரே பிள்ளையும் அருகில் இல்லாமல், சக்களத்திகள் வந்த வீட்டில் ஜாஹ்னவி தேவி கழித்த நாட்களை எந்த வரலாற்றாசிரியரும் விரிவாக எழுதவில்லை. மதுசூதனர் கொடுத்த விலையைப் பேசும்போது அவர் தாய் கொடுத்ததையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும். நாளடைவில் தந்தை பண உதவியை நிறுத்தினார்.

சென்னையில் எட்டு ஆண்டுகள்

1848 ஜனவரியில், கையில் ஏதுமின்றி, மதுசூதனர் சென்னையில் வந்து இறங்கினார். ஆண் அநாதைகள் விடுதிப் பள்ளியில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. அவ்வாண்டு ஜூலை 31 அன்று ரெபேக்காவை மணந்தார். சென்னைப் பத்திரிகைகளில் எழுதினார், சிலவற்றை நடத்தவும் செய்தார். பிருதிவிராஜன் கதையை வைத்து ஆங்கிலத்தில் எழுதிய சிறைப்பட்ட சீமாட்டியைப் பற்றிய காவியம் 1849-இல் இங்கேயே அச்சாயிற்று. கல்கத்தாவிலிருந்த ஆருயிர் நண்பர் கௌர்தாஸ் பசாக் அதன் பிரதியைக் கல்வியாளர் பெத்யூனிடம் சேர்ப்பித்தார். ஆங்கிலத்தில் எழுதுவதைவிடத் தாய்மொழியை வளப்படுத்துவதே இவருக்கு உகந்தது என்று பெத்யூன் அறிவுரை கூறினார். ஆங்கிலக் கவியாவதற்காக அனைத்தையும் விட்டு வந்தவருக்கு ஓர் ஆங்கிலேயரே கூறிய அறிவுரை இது!

மதுசூதனர் அதைக் கசப்பாகக் கொள்ளவில்லை என்பது வியப்பு. விடியற்காலை ஹீப்ரு, பிறகு பள்ளி, நண்பகலில் கிரேக்கம், மாலைவரை தெலுங்கும் சமஸ்கிருதமும், அதன்பின் லத்தீன், இரவு ஆங்கிலம் என்று ஒரு நாளைப் பங்கிட்டுக்கொண்டு படித்தார். முன்னோரின் மொழியை அணிசெய்யத் தம்மைத் தயார்படுத்துவதாகக் கௌர்தாஸுக்கு எழுதினார். வங்காளமே மறந்துவருகிறது என்று சொல்லி, கிருத்திவாசரின் ராமாயணத்தையும் காசிதாசரின் மகாபாரதத்தையும் அனுப்பும்படி கேட்டார். தாய் சொன்ன கதைகளை அவர் தேடத் தொடங்கியபோது தாய் வெகு தொலைவில் இருந்தார். 1851-இல் ஜாஹ்னவி தேவி காலமானார். 1855-இல் தந்தையும் மறைந்தார்.

உறவினர்கள் சொத்தைப் பங்கிட்டுக்கொள்ளப் போட்டியிடுவதாகக் கௌர்தாஸ் எழுதிய கடிதம் கண்டு, 1856-இன் தொடக்கத்தில் மதுசூதனர் கல்கத்தா திரும்பினார். மதம் மாறியவரின் வாரிசுரிமையைப் பாதுகாக்கும் சட்டம் 1850-இலேயே வந்துவிட்டதால், வழக்கு தொடுக்க அவருக்கு வழி இருந்தது. ரெபேக்காவும் நான்கு குழந்தைகளும் சென்னையிலேயே விடப்பட்டனர். அவர்களிடம் அவர் திரும்பவே இல்லை. ரெபேக்கா 1892 வரை சென்னையில் வாழ்ந்தார். பின்னர் மதுசூதனரின் வாழ்க்கைத் துணையாகக் கல்கத்தா வந்து சேர்ந்தவர், சென்னையில் உடன் பணிபுரிந்தவரின் மகளான ஹென்ரியேட்டா. சீடத்துவத்திற்காகக் குடும்பத்தைத் துறத்தல் ஒன்று, இது வேறு. கவிஞரின் மேதைமையைக் காட்டி இதை மூடிவிடுவது நேர்மையாகாது.

தந்தையை இழந்த மகன், மகனை இழந்த தந்தை

போலீஸ் நீதிமன்றத்தில் எழுத்தர் வேலை, பிறகு மொழிபெயர்ப்பாளர் வேலை என்று இருந்துகொண்டே, 1859 முதல் 1862-க்குள் மதுசூதனர் வங்க இலக்கியத்தையே மாற்றி அமைத்தார். சர்மிஷ்டா, பத்மாவதி, கிருஷ்ணகுமாரி நாடகங்கள். எதுகைக் கட்டை உடைத்த புதிய யாப்பில் திலோத்தமா சம்பவ காவியம். ராதையின் பிரிவைப் பாடும் விரஜாங்கனா. எல்லாவற்றுக்கும் சிகரமாக 1861-இல் மேகநாத வத காவியம். கம்பனைப் படித்தவர்கள் இந்திரஜித் என்று அறியும் அதே மேகநாதன்தான். சுவாமி விவேகானந்தர் இந்தக் காவியத்தை மிகவும் போற்றியவர். மகன் மாண்ட பின்னர், மண்டோதரி தடுத்தும், துயரைத் தள்ளி வைத்துவிட்டு ராவணன் போருக்குப் புறப்படும் இடத்தைச் சிறப்பாக எடுத்துக் கூறித் தம் சீடரிடம் பேசியிருக்கிறார். மகனை இழந்த தந்தையின் நெஞ்சை அவ்வாறு எழுத மதுசூதனரால் எப்படி முடிந்தது என்பதற்கு விளக்கம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. கிடர்பூர் வீட்டில் அப்படி ஒரு தந்தை இருந்தார்.

அந்த வீட்டையும் மதுசூதனர் விற்றார். எஞ்சிய சொத்தைக் குத்தகைக்கு விட்டு, 1862 ஜூனில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். இளமைக் கனவு நிறைவேறிய விதம் சொல்லும்படியாக இல்லை. குத்தகைப் பணம் வரவில்லை. பின்தொடர்ந்து வந்த ஹென்ரியேட்டாவுடனும் குழந்தைகளுடனும் பிரான்சின் வெர்சேல்ஸ் நகரில் பட்டினி நிலைக்குத் தள்ளப்பட்டார். காப்பாற்றியவர், மதம் மாறியவர் என்று பாராமல் கடன் வாங்கியேனும் பணம் அனுப்பிய ஈசுவர சந்திர வித்யாசாகர். அந்த வறுமையில் அமர்ந்து மதுசூதனர் எழுதிய பதினான்கடிப் பாடல்களுள் ஒன்று, சாகர்தாரியின் கபோதாட்ச நதியைப் பற்றியது.

பாரிஸ்டராக 1867-இல் திரும்பினார். வருவாய்க்கு மிஞ்சிய செலவு, கடன், குடி என்று நாட்கள் சரிந்தன. இக்காலத்தில்தான் தட்சிணேசுவரத்தில் அந்தச் சந்திப்பு நிகழ்ந்தது. கோயிலை அடுத்திருந்த ஆங்கில அரசின் வெடிமருந்துக் கிடங்கு குறித்த வழக்கிற்காக மதுர்பாபுவின் மகன் துவாரகாநாதர் அவரை அழைத்து வந்திருந்தார். ஸ்ரீராமகிருஷ்ணரைக் காண மதுசூதனர் விரும்பினார். உடனிருந்த பண்டிதர் நாராயண சாஸ்திரி, சொந்த மதத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். மதுசூதனர் தம் வயிற்றைத் தொட்டுக் காட்டி, இதற்காக என்றார். சாஸ்திரியின் வெறுப்பு எல்லை கடந்தது. வயிற்றுக்காக மதத்தை விடுவது இழிவு என்று கரியால் சுவரில் எழுதியே வைத்துவிட்டார். உபதேசம் வேண்டிய மதுசூதனரிடம் குருதேவரால் பேச இயலவில்லை. யாரோ தம் வாயை அழுத்திப் பிடித்தது போலிருந்ததாக அவர் பின்னர் கூறினார். ஆனால் சற்று நேரத்தில் ராம்பிரசாதர் முதலியோரின் பாடல்களை அவருக்காக இனிமையாகப் பாடினார். சுவாமி சாரதானந்தர் எழுதிய குருதேவரின் வரலாறு இவற்றைத் தெரிவிக்கிறது.

பக்தர்கள் இந்நிகழ்ச்சியை நன்கு அறிவார்கள். சாஸ்திரியைப் போலவே அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டவர்களும் பலர். ஆனால் மதுசூதனரின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் அந்தப் பதில் பொருந்தவில்லை. 1843-இல் அவர் வயிறு நிறைந்தே இருந்தது. கிடர்பூரின் செல்வர் ஒருவரின் ஒரே வாரிசு அவர். மதம் மாறியதால்தான் சோறு போயிற்று; சோற்றுக்காக மதம் மாறவில்லை. எனில் ஏன் அப்படிச் சொன்னார்? கடன்காரர்கள் துரத்திய பாரிஸ்டர், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய இளைஞரின் கனவை ஒரு பண்டிதரிடம் விளக்க முற்படுவதைவிடத் தம்மைத் தாமே தாழ்த்திச் சொல்வது எளிது என்று கருதியிருக்கலாம். சாஸ்திரி விடையைக் கேட்டார், குருதேவர் பாடினார்.

1873-இல் மதுசூதனரும் ஹென்ரியேட்டாவும் நோயுற்று உத்தரபாரா நூலகக் கட்டிடத்தில் சில காலம் தங்கினர். பின் அவர் அலிப்பூர் பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஜூன் 26 அன்று ஹென்ரியேட்டா இறந்தார். செய்தி அறிந்தபோது மதுசூதனரும் மரணப் படுக்கையில் இருந்தார். கிருஷ்ண மோகன் பானர்ஜி அவரைப் பார்க்க வந்தார். எந்தத் திருச்சபையோடும் ஒட்டாமல் வாழ்ந்தவர் என்பதால் அடக்கத்திற்குத் தடை எழலாம் என்ற பேச்சு வந்தது. மனிதர் அமைத்த சபைகளைத் தாம் பொருட்படுத்தவில்லை என்றும், தம் ஆண்டவரிடம் இளைப்பாறச் செல்வதாகவும் மதுசூதனர் அமைதியாகச் சொன்னார். இங்கிலாந்து பற்றிய பேச்சு அப்போது இல்லை. கவிதை பற்றியும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு வழியாக மட்டுமே அவர் பற்றிய பெயர், கடைசியில் பற்றுக்கோடாக நின்றது.

ஜூன் 29 அன்று உயிர் பிரிந்தது. அஞ்சியபடியே ஆயிற்று. பேராயரின் அனுமதி வரவில்லை. உடல் ஒரு நாள் முழுவதும் காத்துக் கிடந்தது. ஹிந்துக்களுக்கு அவர் மதம் மாறியவர். கிறிஸ்தவர்களுக்கு முழுமையாகச் சேராதவர். இறுதியில் ஜார்போ என்னும் ஆங்கிலிக்கன் குரு அனுமதிக்குக் காத்திராமல் தாமே பொறுப்பேற்றார். மறுநாள் மாலை, பெருங்கூட்டம் சூழ, லோயர் சர்க்குலர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் ஹென்ரியேட்டாவின் அருகில் மதுசூதனர் அடக்கம் செய்யப்பட்டார்.

பதினைந்து ஆண்டுகள் அங்கு ஒரு கல் இல்லை. 1888-இல் அன்பர்கள் நினைவுக்கல் எழுப்பி, தமக்காக அவரே வங்காளத்தில் எழுதி வைத்திருந்த கல்லறைப் பாடலை அதில் பொறித்தனர். வழிப்போக்கரைச் சற்றே நிற்கச் சொல்லும் அப்பாடலில் சாகர்தாரி வருகிறது, கபோதாட்ச நதி வருகிறது, தந்தை ராஜ்நாராயணர் பெயரும் தாய் ஜாஹ்னவியின் பெயரும் வருகின்றன. தம்மைத் தத்த குலத்தில் பிறந்த கவி ஸ்ரீ மதுசூதன் என்று குறிப்பிடுகிறார். மைக்கேல் என்னும் பெயர் அப்பாடலில் இல்லை.